கடைவாய்ப் பல்லில் குடிவந்த தேனீக்கள்

தை மாதம், வாகைப்பட்டியைச் சுற்றியிருந்த முருங்கைத் தோட்டங்களெல்லாம் இலை தெரியாமல் பூத்துக் கிடந்த நாட்களில், காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிற சவடமுத்துவின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கொசுத்தேனீக்கள் குடிவந்தன. அந்தப் பல் சொத்தை விழுந்து வருசக்கணக்காயிற்று, நடுவில் மிளகு உருண்டு விழுகிற அளவுக்குக் குழி, அந்தக் குழியைக் காக்கிற வாயோ விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் மூடாத வாய். சுவர்ப் பொந்து, கதவு நிலையின் ஓட்டை, துருப்பிடித்த குழாய் என்று எங்கே இருட்டும் கதகதப்பும் இருக்கிறதோ அங்கே குடும்பம் நடத்துகிற பூச்சிக்கு இது போதாதா? வந்து பார்த்தது, பிடித்துப்போயிற்று, மெழுகு கொண்டுவந்து வாசலுக்கு ஒரு குழல் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இதற்கு மேல் காரணம் கேட்டு ஊரில் யாரும் மெனக்கெடவில்லை.

முதலில் பார்த்தவள் அவர் மனைவி குருவம்மாள்தான். அன்றைக்குக் காலையில் டீ ஆறிப்போயிருந்தது, அவர் "ஏண்டி" என்று ஆரம்பித்தார். சவடமுத்துவின் "ஏண்டி" அடுத்த தெருவுக்கும் கேட்கும். அதற்குப் பின்னால் வருகிற சரக்கெல்லாம் குருவம்மாளுக்கு மனப்பாடம், அவள் பிறந்த வீடு, அவள் நிறம், அவள் கைப்பக்குவம், அவளுக்கு இல்லாத மூளை என்று வரிசை தப்பாமல் வரும், அவளும் கல்யாணமான நாளிலிருந்து சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்த்தபடி அது முடிகிற வரைக்கும் நிற்பாள். அன்றைக்கு அவள் காலண்டர் பக்கம் திரும்பியும் விட்டாள், ஆனால் பின்னால் வார்த்தை வரவில்லை. திரும்பிப் பார்த்தால், எள்ளுக்கு இறக்கை முளைத்த மாதிரி ஒன்று அவர் உதட்டைத் தாண்டிப் பறந்து வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் சின்னக் கூட்டமாக ஜன்னல் வழியே முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துப் போயின.

"வாயத் தொறங்க," என்றாள். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இருக்கு?"

"கொசுத்தேனீங்க. கூடு கட்டிருக்கு."

"கலைச்சு விட்ரு."

அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். அதற்குள் குழலின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தேன் அவர் நாக்கில் இறங்கிற்று. முருங்கைப்பூ வாசத்தோடு லேசாகப் புளித்த தேன். சவடமுத்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அவள் கையைப் பிடித்துத் தடுத்து, "இருக்கட்டும், பாவம்," என்றார். அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து குருவம்மாள் கேட்டதேயில்லை, அதனால் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு சூடாக வேறு டீ போடப் போனாள்.

அன்றைக்கே மண்டியில் ஒன்று நடந்தது. வாகைப்பட்டி மண்டியில் ஏலம் என்றால் அது சவடமுத்துவின் தொண்டைதான். முருங்கைக் கட்டும் தக்காளிப் பெட்டியும் மலையாகக் குவிந்திருக்க, கேரளத்து வியாபாரிகளும் உள்ளூர் வியாபாரிகளும் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்க, லாரி ஹாரனுக்கும் மேலே அவர் குரல் நிற்கும். வழக்கம்போல முதல் கட்டுக்கு அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தார். கன்னத்துக்குள் தேனீக்கள் அலறிக்கொண்டு ஓடின, ஈறைக் கடித்தன. துப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் சில செத்துக் கிடந்தன. மண்டி முழுக்க அவர் வாயைப் பார்த்து நிற்க, அவர் அந்தக் கறுப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அவற்றை ஒரு முருங்கை இலைமேல் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த கட்டை மெல்லக் கூறினார், முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மண்டி முதலாளி ராசாக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணே, தொண்ட கட்டிருச்சா?" என்று ஓடிவந்தார். சவடமுத்து வாயைத் திறந்து காட்டினார். ராசாக்கண்ணு பார்த்தார், வியாபாரிகளும் வரிசையில் வந்து பார்த்தார்கள், சுமை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். "கொசுத்தேனீ, கொட்டாது, சாது," என்றார் ஒருவர். "முருங்கைக் காட்டுல இது இல்லாம காய் புடிக்காது," என்றார் இன்னொருவர். அப்புறம் வேலை ஓட வேண்டுமே, எல்லோரும் சேர்ந்து யோசித்தார்கள்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்களே, அந்தப் பழக்கம் காய்கறி மண்டிக்கு வந்தது. சவடமுத்து தோளில் ஒரு பெரிய துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பார், வியாபாரிகள் ஒவ்வொருவராக அதற்குள் கையை விடுவார்கள், விரல்கள் பேசும், யாருக்கு விலை படிந்ததோ அவர் தோளைச் சவடமுத்து தட்டுவார். இதற்குச் சத்தம் தேவையில்லை என்பதால் சத்தம் ஆகாது என்று ஆயிற்று. மூட்டையை எறிந்தவர்கள் இறக்கி வைத்தார்கள். எதிர் டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். மண்டி ஸ்டாப்பில் கண்டக்டர் விசில் ஊதாமல் தகரத்தைத் தட்டினார், மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியின் வாய் வயல் பக்கம் திரும்பியது, வெளியூர் லாரிக்காரன் தெரியாமல் ஹாரன் அடித்தால் ஊரே உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தது. காலை நேரத்தில் வாகைப்பட்டி மண்டிக்குள் நுழைகிறவர்களுக்கு ஆயிரம் செருப்புகள் தேய்கிற சத்தமும் அதற்கு நடுவே மெல்லிய ரீங்காரமும் மட்டும் கேட்டன.

கத்த முடியாதவன் என்ன செய்வான்? அடுத்தவன் பேசுவதைக் கேட்பான். சவடமுத்துவுக்கு முதல் முறையாக மற்றவர்கள் சொல்வது காதில் விழுந்தது. வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண் என்று ஒவ்வொன்றாக அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. வந்தவர்கள் தாங்களே பேசித் தாங்களே அழுது தாங்களே ஒரு முடிவுக்கு வந்து, "நல்ல வழி காட்டுனீங்கண்ணே," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் பாதி வாய் திறந்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அப்புறம் சேனை. அந்தப் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் அதன் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பார்கள். யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பதால், யாரை அழைப்பது என்று குடும்பத்தில் பெரிய யோசனையே நடக்கும். சவடமுத்துவை அதுவரை ஒருவரும் அழைத்ததில்லை, பிரசவ வார்டு இருக்கிற பக்கம் அவர் போனாலே கதவைச் சாத்துவார்கள். இப்போது நிறைமாதப் பெண்கள் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பஞ்சுத் திரியைக் கடைவாயில் ஒற்றி எடுத்து, கண்ணைத் திறக்காத சிசுவின் நாக்கில் அவர் வைப்பார், அந்தப் பிள்ளை சப்புக்கொட்டுகிற சத்தத்தைக் கேட்பதற்காகவே சனம் சுற்றி நிற்கும்.

இதையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள். குருவம்மாளுக்கு நடந்ததுதான் விசேசம். அவள் மகள் இந்திராணி, பழனியில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிற ஸ்டீபனைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். அந்தப் பையனை மண்டி நடுவில் நிறுத்தி சவடமுத்து பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. இருந்தும் அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார், சேனை வைக்கக் கையில் தேன்பாட்டிலோடு. இந்திராணி பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "எம் புள்ளைக்கு ஒங்க வாய் வேணாம்," என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் வரத்துப்போக்கு இல்லை. இப்போது பஸ்ஸில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, நம்பாமல், சண்டைக்குத் தயாராக இடுப்பில் பிள்ளையோடு வந்து வாசலில் நின்றாள். சவடமுத்து அவளைப் பார்த்தார், "வாம்மா," என்றார், "வெயில்ல நிக்காத. பாப்பாவ உள்ள கொண்டா."

அவ்வளவுதான் சொன்னார். இந்திராணி அடுப்படிக்குப் போய் அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பேத்தி மெர்சிக்கு இரண்டு வயசு, தாத்தா மடியில் ஏறி அவர் வாய்க்குள் விரலை விட்டுத் தேனைத் தொட்டு நக்கினாள். வந்தவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தங்கினார்கள், ஸ்டீபன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். "ஏண்டி" என்ற பேர் போய் "குருவு" என்று ஒரு பேர் வந்தது. குருவம்மாளுக்கு அம்பது வயசு நெருங்கும்போது கல்யாணம் ஆன மாதிரி இருந்தது. காலண்டர் தேதி கிழிக்காமல் தொங்கிற்று.

சித்திரை வந்தது. முருங்கை பூ உதிர்த்தது, கிணறுகள் இறங்கின, தேனீக்கள் காலையில் போய் வெறுங்காலோடு திரும்பின. ரீங்காரம் குறைந்தது. ஊருக்குப் பயம் பிடித்துக்கொண்டது, கூட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டால்? ஒருவர் கரும்புச் சாறு கொண்டுவந்தார், ஒருவர் வெல்லப் பாகு கொண்டுவந்தார், கல்யாண வீட்டிலிருந்து ஜீரா வந்தது. சவடமுத்துவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது ஊருக்கே தெரியும், மாத்திரை எடுப்பார், எடுக்காமலும் இருப்பார். "அண்ணன் முழுங்க வேண்டாம், சும்மா கன்னத்துல ஒதுக்கி வச்சாப் போதும், பூச்சி குடிச்சுக்கும்," என்று வழி சொன்னார்கள். குருவம்மாள் பஞ்சைப் பாகில் முக்கி, சாயங்காலமானால் அந்தப் பல்லோரமாக ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் பக்குவமாகத் திணித்துவிடுவாள். விடிய விடிய அது அங்கேயே ஊறும். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் அத்தனை பேரும் செய்தார்கள்.

வைகாசி முடிவதற்குள் சவடமுத்துவின் வலது கன்னம் வீங்கிற்று. முதலில் கூடு பெரிதாகிறது என்று சந்தோசப்பட்டார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. தாடைக்குக் கீழே கல் மாதிரி இறுகி, தண்ணீர் விழுங்கவே முகத்தைச் சுளித்தார். தேனோடு வேறொரு வாடை வந்தது. குருவம்மாள் அதை மற்றவர்களுக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருந்தாள், கண்டுபிடித்தும் பாகை நிறுத்தவில்லை, கிராம்பு சேர்த்துக் காய்ச்சினாள். கடைசியில் இந்திராணிதான் புருசனுக்குப் போன் பண்ணி வரவழைத்து, அப்பாவைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், குருவம்மாள் மெர்சியோடு பின்னாலேயே பஸ்ஸில் போய்ச் சேர்ந்தாள்.

பல் டாக்டர் நஸ்ரின் சின்ன வயசுக்காரி, வேகமாகப் பேசுகிறவள். "வாயத் தொறங்க," என்றாள். பாதிதான் திறக்க முடிந்தது. உள்ளேயிருந்து தேனீக்கள் வந்து விளக்கைச் சுற்றின, அவள் புறங்கையால் மெல்ல ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை உள்ளே விட்டாள். ஒருவேளை கவனிக்கவில்லையோ என்று குருவம்மாள், "தேனீ இருக்குங்க மேடம்," என்றாள்.

"பாத்தேம்மா. அது பாட்டுக்கு இருக்கு. நான் சீழப் பாத்துக்கிட்டு இருக்கேன்." படம் எடுக்கச் சொன்னாள், ரத்தம் பார்க்கச் சொன்னாள், எல்லாம் வந்த பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு குருவம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா, இந்தப் பல்லு வேர் வரைக்கும் அழுகிருச்சு. பக்கத்துப் பல்லும் போச்சு. சுகர் ஏகத்துக்கு ஏறிக் கெடக்கு. சீழ் தாடைக்குக் கீழ எறங்குது, கழுத்துக்குள்ள போச்சுன்னா மூச்ச அடைச்சிரும். ஊசி போட்டு வீக்கத்தக் கொறைக்கிறேன், சுகரையும் கொறைக்கணும், ஆனா பல்ல எடுத்தே ஆகணும். இத வச்சுக்கிட்டு ஆளக் காப்பாத்த முடியாது." ரத்தம் பார்த்த சீட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். "இனிப்பு எதும் சாப்பிடுறாரா?"

"நாந்தான் பாகு வச்சேன்," என்றாள் குருவம்மாள்.

"எப்பவாச்சுமா?"

"தெனமும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று குருவம்மாளுக்குத் தோன்றியது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது, தன்னிடம் கூட. அவள் பாகு வைத்தது தேனீக்கு இல்லை, "குருவு" என்று கூப்பிடுகிற அந்தக் குரலுக்கு. வாடை வந்தபோதும் நிறுத்தாதது அதற்காகத்தான். அதையெல்லாம் விட ஒன்று அவளுக்குள் நெருப்பாக எரிந்தது. இத்தனை வருசம் ஒருத்தி சோறு பொங்கி, பிள்ளை பெற்று, காலடியில் கிடந்தாள், அவளுக்காக அடங்காத வாய் எள்ளளவு பூச்சிக்காக அடங்கிற்று. அந்தப் பூச்சிகள்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது, வெளியில் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் ஊர் வந்து இறங்கியது. ராசாக்கண்ணு தலைமையில் வேனில் வந்தார்கள், ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது, அது நிஜமான கலக்கம். ராசாக்கண்ணு டாக்டரிடம், "எடுக்காம வேற வழி பாக்கக் கூடாதாம்மா? எங்க ஊரே அந்தக் கூட்ட நம்பி இருக்கு," என்றார். நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்து, "எனக்குப் பொறக்கிற வரைக்குமாச்சும் தள்ளிப் போடுங்க மேடம், எம் வீட்டுக்காரரு கோவக்காரரு, புள்ளையாச்சும் இவரு மாதிரி வரட்டும்," என்றாள். அப்போதுதான் டாக்டருக்குச் சேனை விசயம் தெரிந்தது. அவள் முகம் மாறிற்று. "அழுகின பல்லுலருந்து எடுத்துப் பச்சப் புள்ள வாயில வச்சீங்களா? எத்தன புள்ளைங்களுக்கு? எல்லாத்தையும் நாளைக்கே கொண்டாங்க, நான் பாக்கணும்." பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது, ஆனால் அந்த நேரத்தில் தாய்மார்களின் கைகள் தங்கள் பிள்ளைகளின் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. அதற்குப் பிறகு தள்ளிப்போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கேட்டது சவடமுத்துதான். வார்டில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, குருவம்மாளைக் கையசைத்துக் கிட்டக் கூப்பிட்டார். குரல் காற்றாக வந்தது. "எடுக்க வேணாம் குருவு."

"என்ன பேச்சு பேசறீங்க?"

"இது போச்சுன்னா நான் பழைய ஆளாயிருவேன். எனக்கு என்னையத் தெரியும். எம் மக மறுபடியும் போயிருவா. செத்தாலும் இப்படியே செத்துர்றேன், நல்லவன்னு பேராச்சும் நிக்கும்."

குருவம்மாள் அவரைப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் இந்திராணியும் மடியில் மெர்சியும் இருந்தார்கள். உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது வாய்வழியாக வந்துவிட்டது. "பேரு வாங்கிட்டு நீங்க போயிருவீங்க. நான் போட்டோவுக்கு மால போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? அந்தப் பூச்சியா ஒங்க வாய அடக்குச்சு? அதுக்கு என்ன கையா காலா? நீங்கதான அடக்குனீங்க? செத்தத எல்லாம் எல மேல எடுத்து வச்சீங்களாமே, மண்டியே சொல்லுது. முடியும்ல ஒங்களால? அப்ப எங்களுக்கு மட்டும் ஏங்க முடியாமப் போச்சு?"

சவடமுத்துவின் கண்ணோரத்தில் வழிந்தது வீங்கின கன்னத்தில் இறங்கிற்று. குருவம்மாள் தன் முந்தானையால் அதைத் துடைத்தாள், துடைத்துவிட்டு நர்சைப் பார்த்து, "மேடத்துக்கிட்டச் சொல்லுங்க, பல்ல எடுக்கட்டும். கத்துனா நான் பாத்துக்கறேன்," என்றாள்.

வீக்கம் வடிந்து, சர்க்கரை இறங்கி, டாக்டர் ஒரு நாள் குறித்தாள். தேனீக்கள் கிளம்பிப் போன பிறகு எடுத்தால் திரும்பி வருகிற பூச்சிகள் வீடில்லாமல் தவிக்குமே என்று குருவம்மாள் கேட்டதற்காக, பொழுது புலர்வதற்கு முன்னாலேயே டாக்டர் டியூட்டிக்கு வந்தாள். மெழுகுக் குழலைப் பஞ்சால் மூடினாள், ஈறில் மரத்துப்போகிற ஊசி போட்டாள், குறடை விட்டு முன்னும் பின்னும் அசைத்தாள். அழுகின பல் சட்டென்று வரும் என்று நினைத்தார்கள், அது வேரால் பிடித்துக்கொண்டு கிடந்தது, டாக்டரின் நெற்றியில் வியர்வை அரும்பிற்று. குருவம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு நெறிப்புச் சத்தத்தோடு கூடும் பல்லும் ஒன்றாக வந்து தட்டில் விழுந்தன. உள்ளே ரீங்காரம் நிற்கவில்லை. பின்னாலேயே சீழ் வந்தது, கரும்பழுப்பாக, அத்தனை இனிப்புக்கும் அடியில் இருந்த சங்கதி. பக்கத்துப் பல்லையும் எடுத்து, புண்ணைக் கழுவி, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள் டாக்டர். "பொழச்சீங்க," என்றாள்.

அந்தப் பல்லை வெளியே காத்திருந்த ராசாக்கண்ணு துண்டில் ஏந்தி வாங்கிக்கொண்டு போய், மண்டிச் சுவரில் ஒரு செங்கலைப் பெயர்த்து அந்தப் பொந்துக்குள் வைத்தார். தேனீக்கள் அங்கேயே பழகிவிட்டன. சுவரில் இருக்கிற பூச்சிக்குச் சத்தம் என்ன செய்யும்? ஒருவர் மூட்டையைத் தொப்பென்று போட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் விசிலடித்துப் பார்த்தார். ஒரு மாதத்தில் ஹாரனும் பாட்டும் கோயில் ஒலிபெருக்கியும் தத்தம் இடத்துக்குத் திரும்பின, துண்டுக்குள் விரல் பிடிப்பது மட்டும் சிலருக்குப் பிடித்துப்போய் நிலைத்துவிட்டது.

சவடமுத்து வீட்டில் கிடந்தார். கஞ்சி, உப்புத் தண்ணீர்க் கொப்புளிப்பு, நேரத்துக்கு மாத்திரை. பேசவில்லை. புண் ஆறின பிறகும் பேசவில்லை, கேட்டதற்குத் தலையசைத்தார். தன் தொண்டைக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கே பயமாக இருந்தது. வீட்டிலும் அதே பயம். இந்திராணி துணிகளை மடித்துப் பையிலேயே வைத்திருந்தாள், வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஜிப்பைப் போட்டு மூடிவிடுவாள். தெருவில் போகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டும்போது நடையை மெதுவாக்கினார்கள்.

ஆடி பிறந்து முதல் நாள் மண்டிக்குப் போனார். நல்ல வெயில். ஏலம் சரியாகப் போகவில்லை, குரல் எடுக்கவும் துணிவில்லை, எடுக்காமல் காரியமும் ஆகவில்லை, வியாபாரிகள் அவர் தலைக்கு மேலே ஒருவரோடு ஒருவர் கத்திக்கொண்டார்கள். பசியோடு வீட்டுக்கு வந்தார். சோறு இறக்கியிருக்கவில்லை. குருவம்மாள் வீட்டுக்குப் பின்னால் மெர்சிக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி," என்றார் சவடமுத்து. அடுத்த தெருவுக்குக் கேட்டது. "அறிவுகெட்ட முண்டம், வீட்டுல இருந்து என்னடி கிழிச்ச?"

மெர்சி வீறிட்டு அழுதாள். எதிர்வீட்டில் அம்மியின் சத்தம் நின்றது. உள்ளே இந்திராணி பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். குருவம்மாள் சோப்புக் கையோடு எழுந்து வந்தாள், பழக்கத்தில் கண் காலண்டர் பக்கம் போயிற்று, அவள் பார்வையை இழுத்துக்கொண்டு வந்து அவர் முகத்தில் வைத்தாள்.

"வலிக்குதுங்க," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எங்கே அடிபட்டது என்று தேடினார். "எங்க?"

"நீங்க பேசுனது. வலிக்குது."

சவடமுத்துவின் வாய் அடுத்த வார்த்தைக்குத் திறந்தபடி அப்படியே நின்றது. அதற்குள் இப்போது தேனும் இல்லை, பூச்சியும் இல்லை, ஆறின ஈறும் ஓர் இடைவெளியும் மட்டும் இருந்தன. அதை மூடினார். பிறகு, "எப்பருந்து?" என்றார்.

"ஒக்காருங்க," என்றாள் குருவம்மாள். "சொல்றேன்."

அவர் வெறும் தரையில் உட்கார்ந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து, தாலி கட்டின அன்றைக்குச் சாயங்காலம் பந்தியில் வைத்து அவர் சொன்ன ஒரு சொல்லிலிருந்து ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவில்லை, எதையும் விடவும் இல்லை. இந்திராணி பையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையின் தலையைத் துவட்டினாள், அடுப்பை அணைத்தாள், நிலைப்படியில் வந்து உட்கார்ந்து தனக்குத் தெரியாததை எல்லாம் கேட்டாள். பொழுது இறங்கி, வாசலில் நிழல் நீண்டு, மண்டியிலிருந்து கடைசி லாரி கிளம்புகிற சத்தம் கேட்டபோது, குருவம்மாள் அப்போதுதான் இந்திராணி பிறந்த வருசத்துக்கு வந்திருந்தாள். அதுவரைக்கும் சவடமுத்து ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார், தண்ணி குடிச்சுட்டுச் சொல்லு என்பதற்காக.